எல்லை கடக்கும் தவளை முட்டைகள்

தவளையின் முட்டைக்குக் கோழி முட்டையைப் போல ஓடு கிடையாது. கூழ் போன்ற மெல்லிய உறை ஒன்றே அதனைச் சூழ்ந்திருக்கும். அந்த உறையின் வழியாக நீரும் உயிர்வளியும் உள்ளே செல்லும், கழிவுகள் வெளியேறும். நீரில் என்ன கலந்திருக்கிறதோ, அதனுடன் முட்டைக்கு நேரடித் தொடர்பு உண்டு. நூற்றுக்கணக்கான தவளை முட்டைகளை ஒரு சிறிய பெட்டிக்குள் அடைத்து, விமானத்தில் ஏற்றி, ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்கு எளிதில் அனுப்பிவிடலாம். ஆயினும், அத்தகைய பெட்டி ஒன்றை எந்த ஆய்வுக்கூடமும் தன் விருப்பம்போல் வரவழைக்க முடியாது. அனுமதிக் கடிதம், நலச் சான்றிதழ், நுழைவாயில் சோதனை, தனிமைப்படுத்தல் எனப் பல படிகளை அந்தப் பெட்டி கடந்தாக வேண்டும். சிறு முட்டைகளுக்கு இத்தனை கட்டுப்பாடுகள் ஏன் என்பதையும், அவை எவ்வாறு செயற்படுகின்றன என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

ஆய்வாளர்கள் தவளை முட்டைகளை நாடுவது ஏன்?

ஓர் ஒற்றை உயிரணு எவ்வாறு தலை, கால், இதயம், கண் ஆகியவற்றைக் கொண்ட முழு உயிராக வளர்கிறது? அறிவியலின் மிகப் பழைய வினாக்களுள் இதுவும் ஒன்று. பாலூட்டிகளின் கரு தாயின் வயிற்றுக்குள் மறைந்து வளர்வதால் அதனைக் கண்ணால் காண்பது கடினம். தவளையின் முட்டையோ தாயின் உடலுக்கு வெளியே, நீரிலேயே வளர்கிறது. அது ஒரு மில்லிமீட்டருக்கும் சற்று அதிகமான விட்டம் கொண்டது. எளிய நுண்ணோக்கியின் கீழ் வைத்தால் அது இரண்டாக, நான்காக, எட்டாகப் பிரிவதைக் காணலாம். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த நகத்தவளையின் முட்டையில் இரண்டு மூன்று நாள்களுக்குள் தலைப்பிரட்டை வெளிவந்துவிடும்.

இந்த வசதியால் பல பெரிய கண்டுபிடிப்புகள் நீர்நில வாழ்வனவற்றின் முட்டைகளிலிருந்தே பிறந்தன. 1924ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹான்ஸ் ஸ்பெமானும் ஹில்டே மாங்கோல்டும் நியூட் என்னும் நீர்ப்பல்லியின் கருக்களைக் கொண்டு, கருவின் ஒரு சிறு பகுதியே மற்றப் பகுதிகளின் வளர்ச்சிக்கு வழிகாட்டுகிறது என்பதை நிறுவினர். அதற்காக 1935ஆம் ஆண்டில் ஸ்பெமானுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இங்கிலாந்தின் ஜான் கர்டன், முதிர்ந்த உயிரணுவின் கருவை நகத்தவளையின் முட்டைக்குள் செலுத்திப் புதிய தலைப்பிரட்டையை உருவாக்கினார். அவருக்கு 2012ஆம் ஆண்டில் ஜப்பானின் ஷின்யா யாமானாக்காவுடன் நோபல் பரிசு பகிர்ந்து அளிக்கப்பட்டது.

நகத்தவளை உலகெங்கும் பரவியதற்கு மற்றொரு காரணமும் உண்டு. 1930களில், கருவுற்ற பெண்ணின் சிறுநீரைப் பெண் நகத்தவளைக்கு ஊசி வழியாகச் செலுத்தினால் அது சில மணி நேரத்தில் முட்டையிடும் என்று கண்டறியப்பட்டது. இன்று மருந்தகங்களில் எளிதாகக் கிடைக்கும் கருத்தரிப்புச் சோதனைக் கருவி இல்லாத அக்காலத்தில், இந்தத் தவளையே மருத்துவமனைகளின் சோதனைக் கருவியாக விளங்கியது. ஆயிரக்கணக்கான தவளைகள் தென்னாப்பிரிக்காவிலிருந்து பல கண்டங்களுக்கு ஏற்றுமதியாயின. வேறு சோதனை முறைகள் வந்த பிறகு இவற்றின் தேவை குறைந்தது. சில தவளைகள் ஆய்வுக்கூடங்களிலிருந்து தப்பின. சிலவற்றை மனிதர்களே குளங்களில் விட்டனர். அமெரிக்காவின் கலிபோர்னியாவிலும் சிலி, பிரான்ஸ் முதலிய நாடுகளிலும் இன்று நகத்தவளைகள் காட்டு உயிர்களாகவே வாழ்ந்து வருகின்றன.

நீரில் மறைந்து வரும் நோய்கள்

தவளைகள் பயணம் செய்தபோது அவற்றோடு நோய்க்கிருமிகளும் பயணம் செய்தன. அவற்றுள் மிகக் கொடியது கைட்ரிட் என்னும் பூஞ்சை. இதன் முழுப்பெயர் பட்ராக்கோகைட்ரியம் டென்ட்ரோபாட்டிடிஸ். ஆஸ்திரேலியாவிலும் மத்திய அமெரிக்காவிலும் மலைக்காடுகளில் தவளைகள் திடீரெனக் காணாமற் போவதை ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகக் கவனித்து வந்தனர். 1998ஆம் ஆண்டில்தான் இப்பூஞ்சையே காரணம் என்பது தெரியவந்தது. மறு ஆண்டு அதற்குப் பெயரிடப்பட்டது.

தவளை தன் தோலின் வழியாகவும் சுவாசிக்கிறது. நீரையும் உப்புகளையும் தோலின் வழியாகவே பெறுகிறது. கைட்ரிட் பூஞ்சை தோலில் உள்ள கெரட்டின் என்னும் புரதப் பகுதியில் வளர்ந்து, தோலின் இந்தப் பணியைக் குலைக்கிறது. உடலில் சோடியம், பொட்டாசியம் ஆகிய உப்புகளின் அளவு சரிகிறது. இறுதியில் இதயம் நின்றுவிடுகிறது. இப்பூஞ்சையின் வித்துகள் வால் போன்ற இழையைக் கொண்டு நீரில் நீந்திச் செல்பவை. எனவே, ஒரு தவளை மற்றொன்றைத் தொடாமலேயே, ஒரே நீரைப் பகிர்வதன் மூலம் நோய் தொற்றிவிடும்.

2019ஆம் ஆண்டில் வெளிவந்த உலகளாவிய ஆய்வு ஒன்று, இந்நோயால் 501 வகை நீர்நில வாழ்வன குறைந்துள்ளன என்றும், அவற்றுள் 90 வகை அழிந்திருக்கக்கூடும் என்றும் மதிப்பிட்டது. ஒரே நோய் இத்தனை முதுகெலும்பு உயிரினங்களைப் பாதித்ததாக வேறு சான்று இல்லை. இப்பூஞ்சை கிழக்கு ஆசியாவில் தோன்றி, கடந்த நூற்றாண்டில் மனிதர்களின் வாணிகத்தோடு உலகெங்கும் பரவியது என்று 2018ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆய்வு கூறுகிறது.

2013ஆம் ஆண்டில் இதன் உறவுப் பூஞ்சை ஒன்றும் கண்டறியப்பட்டது. அது சாலமண்டர் எனப்படும் வாலுள்ள நீர்நில வாழ்வனவற்றைத் தாக்குவது. நெதர்லாந்தில் நெருப்புச் சாலமண்டர்கள் ஏறத்தாழ முற்றாக அழிந்தபோது அது வெளிப்பட்டது. வளர்ப்பு விலங்கு வாணிகத்தின் வழியாக ஆசியாவிலிருந்து அது ஐரோப்பாவை அடைந்தது என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். இதனால் எச்சரிக்கை அடைந்த அமெரிக்கா, 2016ஆம் ஆண்டில் 201 வகைச் சாலமண்டர்களின் இறக்குமதியைத் தடை செய்தது. இவ்விரு பூஞ்சைகளையும் தவிர, ரானாவைரஸ் என்னும் நச்சுயிரியும் உண்டு. அது தவளைகளை மட்டுமன்றி மீன்களையும் ஆமைகளையும்கூடத் தாக்க வல்லது.

முட்டைகள் தூய்மையானவை அல்லவா?

முட்டைகளைப் பற்றிச் சிலருக்கு ஓர் எண்ணம் உண்டு. நோய் தவளைக்குத்தான் வரும்; முட்டையில் தோலும் இல்லை, கெரட்டினும் இல்லை; எனவே முட்டையால் ஆபத்து இல்லை என்பதே அது. இந்த எண்ணத்தில் பாதி உண்மை இருக்கிறது. கைட்ரிட் பூஞ்சை கெரட்டினை நாடுவதால், முட்டைக்குள் அது குடியேறி வளர்வதில்லை. வளர்ந்த தவளைகளை இறக்குமதி செய்வதைவிட முட்டைகளை இறக்குமதி செய்வது பாதுகாப்பானது என்பதும் சரியே.

ஆனால், முட்டை தனியாக வருவதில்லை. அதனோடு நீர் வருகிறது. கூழ் உறை வருகிறது. தாய்த் தவளை இருந்த தொட்டியின் நுண்ணுயிர்களும் வருகின்றன. பூஞ்சையின் வித்துகள் ஏரி நீரில் ஏழு வாரங்கள்வரை உயிருடன் இருந்ததை ஆய்வுகள் காட்டியுள்ளன. குழாய் நீரிலேயே அவை மூன்று வாரங்கள் உயிர் வாழ்ந்தன. ரானாவைரஸும் நீரின் வழியாகப் பரவக்கூடியது. முட்டைகள் பொரிந்தவுடன் தலைப்பிரட்டைகளின் வாயில் கெரட்டினால் ஆன சிறு பற்கள் தோன்றும். அதுவரை நீரில் காத்திருந்த பூஞ்சைக்கு அப்பொழுது இடம் கிடைத்துவிடும். தலைப்பிரட்டை பெரும்பாலும் உடனே சாவதில்லை. நோயைச் சுமந்துகொண்டு வளர்ந்து, தவளையாக உருமாறும் காலத்தில்தான் அது மடிகிறது. எனவே, பெட்டியைத் திறந்தபோது முட்டைகள் அனைத்தும் நலமாகத் தோன்றினாலும் அதனை வைத்து மட்டும் முடிவு செய்ய இயலாது.

பினாங்குத் தீவின் தனிச்சொத்து

பினாங்கு மாநிலத்திற்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். ஜோர்ஜ்டவுன் நகரின் பின்னணியில் எழுந்து நிற்கும் பினாங்கு மலையில் பல ஓடைகள் பாறைகளினூடே விரைந்து ஓடுகின்றன. அங்கு ஒரு சிறிய தேரை வாழ்கிறது. அறிவியலில் அதன் பெயர் அன்சோனியா பினாங்கென்சிஸ். தமிழில் பினாங்கு ஓடைத்தேரை எனலாம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய பெர்டினாண்ட் ஸ்டோலிஸ்கா என்பவர் 1870ஆம் ஆண்டில் இதனை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். பினாங்குத் தீவைத் தவிர உலகில் வேறெங்கும் இத்தேரை இல்லை.

இவ்வகைத் தேரைகளின் தலைப்பிரட்டைகள் வேகமான நீரோட்டத்தில் அடித்துச் செல்லப்படாமல் இருக்க, தம் அகன்ற வாயால் பாறைகளைப் பற்றிக்கொள்கின்றன. கைட்ரிட் பூஞ்சை தலைப்பிரட்டையின் வாயில் உள்ள கெரட்டினைத்தான் தாக்குகிறது என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். மேலும், அப்பூஞ்சை 17 முதல் 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நன்கு வளரும். 30 பாகையைத் தாண்டினால் நலிவுறும். ஜோர்ஜ்டவுன் கடற்கரையின் வெயில் அதற்கு ஒவ்வாது. மலையின் நிழல் படர்ந்த குளிர்ந்த ஓடைகளோ அதற்கு ஏற்றவை. எந்த இடத்தில் அரிய உயிர்கள் மிகுதியாக உள்ளனவோ, அந்த இடமே நோய்க்கும் ஏற்ற இடமாக அமைந்துள்ளது.

2021ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் யுனெஸ்கோ நிறுவனம் பினாங்கு மலையை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. பினாங்குத் தேசியப் பூங்காவும் தாவரவியல் பூங்காவும் அக்காப்பகத்தினுள் அடங்கும். மலையிலிருந்து சிறிது தொலைவிலேயே, 1969ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. தெற்கே பாயான் லெப்பாஸில் பன்னாட்டு விமான நிலையமும் உண்டு. ஆய்வுக்கூடங்கள், விமான நிலையம், அரிய காடு ஆகிய மூன்றும் ஒரே தீவில் நெருங்கி இருப்பதால் பினாங்கில் இந்த விதிகளின் தேவை தெளிவாகப் புரியும். ஆய்வுக்கூடத்தின் கழிவுநீர் முறையாகச் சுத்திகரிக்கப்படாமல் வடிகாலில் கலந்தால், அது இறுதியில் ஏதேனும் ஓர் ஓடையையோ ஆற்றையோ சென்றடையும்.

தனிமைப்படுத்தல் பினாங்குக்குப் புதியது அன்று

நோயைத் தடுக்க வருவோரைச் சில காலம் தனியே வைத்திருக்கும் வழக்கம் மிகப் பழையது. 1377ஆம் ஆண்டில், ஏட்ரியாட்டிக் கடற்கரையில் இருந்த ரகூசா என்னும் துறைமுக நகரம், கொள்ளைநோய் பரவிய இடங்களிலிருந்து வருவோர் முப்பது நாள் வெளியே தங்க வேண்டும் என்று சட்டம் இயற்றியது. பின்னர் அந்தக் காலம் நாற்பது நாள்களாக உயர்ந்தது. நாற்பது என்பதைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்தே இன்று பல மொழிகளில் வழங்கும் 'குவாரண்டைன்' என்னும் சொல் பிறந்தது.

பினாங்கு மக்களுக்குப் பூலாவ் ஜெரெஜாக் என்னும் சிறு தீவு நன்கு அறிமுகமானது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்குத் தனிமைப்படுத்தல் நிலையம் அமைக்கப்பட்டது. தமிழகத்திலிருந்து கப்பலேறி, தோட்டங்களில் பணிபுரிய வந்த நம் முன்னோர் பலர், இந்நாட்டு மண்ணில் கால்பதித்து நடக்கும் முன்பு அத்தீவில் நாள்களைக் கழித்தனர். அன்று அந்தக் காத்திருப்பு மனிதர்களுக்குத் துன்பமாகவே இருந்திருக்கும். ஆயினும், காலரா, அம்மை போன்ற நோய்கள் ஊருக்குள் புகாமல் தடுப்பதற்கு அக்காலத்தில் இருந்த வழி அதுவே. விலங்குகளுக்கும் முட்டைகளுக்கும் இன்று விதிக்கப்படும் தனிமைக் காலத்தின் அடிப்படையும் இதுதான். நோய் உடலில் இருந்தும் வெளியே தெரியாத காலம் ஒன்று உண்டு. அக்காலம் கடக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

உலகம் வகுத்த பொது விதிகள்

விலங்கு நோய்கள் எல்லைகளை மதிப்பதில்லை. எனவே, ஒவ்வொரு நாடும் தனித்தனியே விதி வகுத்தால் குழப்பமே மிஞ்சும். 1924ஆம் ஆண்டில் 28 நாடுகள் கூடிப் பாரிஸ் நகரில் ஓர் அமைப்பைத் தோற்றுவித்தன. இன்று அது உலக விலங்குநல அமைப்பு என்று அழைக்கப்படுகிறது. மலேசியா உட்பட 180க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் உறுப்பியம் பெற்றுள்ளன. அந்த அமைப்பு நீர்வாழ் விலங்குகளுக்கெனத் தனி விதித்தொகுப்பு ஒன்றை வெளியிடுகிறது.

அவ்விதித்தொகுப்பில் இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, 'நீர்வாழ் விலங்கு' என்னும் சொல்லுக்கு அது தரும் விளக்கம். மீன், சிப்பி, இறால் ஆகியவற்றுடன் நீர்நில வாழ்வனவும் அதில் அடங்கும். அவற்றின் முட்டைகள் உட்பட எல்லா வளர்ச்சிப் பருவங்களும் அடங்கும். ஆகவே, சட்டத்தின் பார்வையில் தவளை முட்டையும் ஒரு விலங்கே. இரண்டாவது, நீர்நில வாழ்வனவற்றின் மூன்று தொற்றுகளை அது பட்டியலிட்டுள்ளது. அவை மேலே கூறிய இரு கைட்ரிட் பூஞ்சைகளும் ரானாவைரஸும் ஆகும். இந்நோய்கள் தோன்றினால் உறுப்பு நாடுகள் அதனை அமைப்புக்கு அறிவிக்க வேண்டும்.

நோயற்றது என்று அறிவிக்கப்படாத நாட்டிலிருந்து ஆய்வுக்கூடத்திற்கு விலங்குகள் வரும்போது என்ன செய்ய வேண்டும் என்பதையும் விதித்தொகுப்பு கூறுகிறது. வரும் பெட்டி, அரசு ஏற்றுக்கொண்ட தனிமைப்படுத்தல் கூடத்திற்கே நேராகச் செல்ல வேண்டும். பயண நீர், கருவிகள், கழிவு ஆகிய அனைத்தும் கிருமி அழியும் வகையில் பதப்படுத்தப்பட வேண்டும். இறந்தவற்றின் உடல்கள் பாதுகாப்பான முறையில் அகற்றப்பட வேண்டும். அறிவியல் ஆய்வைத் தடுப்பது இவ்விதிகளின் நோக்கமன்று. ஆய்வும் நடைபெற வேண்டும், கிருமியும் வெளியேறக் கூடாது என்பதே நோக்கமாகும்.

மலேசியாவில் பின்பற்றப்படும் நடைமுறை

மலேசியாவில் விலங்குகளின் இறக்குமதியை 1953ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டம் நெடுங்காலமாகக் கட்டுப்படுத்தி வருகிறது. முன்பு வேளாண்மை, கால்நடை, மீன்வளம் ஆகிய துறைகள் நுழைவாயில்களில் தனித்தனியே சோதனை நடத்தின. அவற்றை ஒருங்கிணைக்க 2011ஆம் ஆண்டில் மலேசியத் தனிமைப்படுத்தல், சோதனைச் சேவைச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின் கீழ் இயங்கும் துறையை மக்கள் 'மாக்கிஸ்' என்று சுருக்கமாக அழைக்கின்றனர். விமான நிலையம், துறைமுகம், நிலவழி எல்லை ஆகிய இடங்களில் அதன் அதிகாரிகள் பணிபுரிந்து வந்தனர்.

அனுமதியின்றி விலங்குகளை இறக்குமதி செய்வது அச்சட்டப்படி குற்றம். குற்றம் நிரூபிக்கப்பட்டால் 100,000 ரிங்கிட்வரை அபராதமோ ஆறு ஆண்டுகள்வரை சிறைத்தண்டனையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். இறக்குமதியாகும் உயிர், காட்டில் அருகிவரும் வகையைச் சேர்ந்ததாயின் கூடுதல் கட்டுப்பாடும் உண்டு. எடுத்துக்காட்டாக, ஆய்வாளர்கள் விரும்பி வளர்க்கும் மெக்சிகோ நாட்டு ஆக்சொலாட்டல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வாணிக ஒப்பந்தப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. அத்தகைய உயிர்களுக்கு நலச் சான்றிதழோடு வாணிக அனுமதியும் தேவை. இப்பணியில் பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறைக்கும் பங்குண்டு.

முட்டைகளை வரவழைக்க விரும்பும் ஆய்வுக்கூடம் முதலில் செய்ய வேண்டியது விண்ணப்பம். எந்த வகைத் தவளை, எத்தனை முட்டைகள், எந்த நாட்டின் எந்த வளர்ப்பகத்திலிருந்து, எந்த ஆய்வுக்காக என்பனவற்றை அதில் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். பெட்டி புறப்படும் முன்பே அனுமதி கையில் இருக்க வேண்டும் என்பது முதன்மையான விதி. 'பெட்டி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று இருந்துவிட முடியாது. தவளை முட்டைகள் சில நாள்களில் பொரிந்துவிடுபவை. ஆவணம் இல்லாமல் அவை விமான நிலையத்தில் காத்துக் கிடந்தால், ஆய்வும் வீணாகும்; உயிர்களும் வீணாகும்.

அடுத்தது நலச் சான்றிதழ். ஏற்றுமதி செய்யும் நாட்டின் அரசு கால்நடை மருத்துவ அதிகாரி இதனை வழங்குவார். முட்டையை மட்டும் பார்த்து நோயைக் கண்டறிவது கடினம். எனவே, முட்டையிட்ட பெற்றோர்த் தவளைகளின் நலமே இங்கு முதன்மை பெறுகிறது. அவற்றின் தோலைப் பஞ்சுக்குச்சியால் துடைத்து எடுத்து, அந்த மாதிரியில் பூஞ்சையின் மரபணு உள்ளதா என்று சோதிக்கலாம். பி.சி.ஆர். எனப்படும் இச்சோதனையைக் கோவிட்-19 காலத்தில் மக்கள் பலரும் அறிந்துகொண்டனர். அதே முறைதான் தவளைக்கும் பயன்படுகிறது. காட்டில் பிடித்த தவளைகளைவிட, பல தலைமுறைகளாக ஆய்வுக்கூடத்தில் நோயின்றி வளர்க்கப்பட்டவற்றின் முட்டைகளே விரும்பத்தக்கவை. அவற்றின் நல வரலாறு பதிவேட்டில் இருக்கும் என்பதே காரணம்.

பெட்டிக்குள் அடைக்கும் முறையிலும் கவனம் தேவை. முட்டைகளைத் தூய நீரில் பலமுறை கழுவிய பிறகு, புதிய நீரில் இட்டு, கசிவில்லாத கலங்களில் அடைப்பர். கலத்தைச் சுற்றி மற்றொரு உறையும் வெப்பம் தாக்காத வெளிப்பெட்டியும் அமையும். பெட்டியின்மீது உயிருள்ள பொருள் என்ற குறிப்பும் வெப்ப அளவும் எழுதப்பட்டிருக்கும். நகத்தவளையின் முட்டைகளுக்குச் சுமார் 14 முதல் 22 பாகை வெப்பம் ஏற்றது. பினாங்கு விமான நிலையத்தின் நண்பகல் வெயிலில் பெட்டியைச் சிறிது நேரம் வைத்தாலே முட்டைகள் கெட்டுவிடக்கூடும்.

சோதனையும் தனிமையும்

பெட்டி வந்து இறங்கியதும் அதிகாரிகள் மூன்று வினாக்களுக்கு விடை தேடுவர். ஆவணங்கள் முறையாக உள்ளனவா? பெட்டியில் உள்ளவையும் ஆவணத்தில் உள்ளவையும் ஒன்றா? கசிவோ, இறப்போ, நோய்க்குறியோ தென்படுகிறதா? அனைத்தும் சரியாக இருந்தால் பெட்டி விடுவிக்கப்படும். குறை இருந்தால் அதனைத் தடுத்து வைக்கவோ, திருப்பி அனுப்பவோ, அழிக்கவோ அதிகாரிகளுக்கு உரிமை உண்டு.

விடுவிக்கப்பட்ட பெட்டி வழியில் எங்கும் திறக்கப்படாமல் தனிமைப்படுத்தல் அறையைச் சென்று சேர வேண்டும். அந்த அறையில் பின்பற்றப்படும் ஒழுங்குகள் எளியவை. ஆனால், விடாமல் கடைப்பிடிக்க வேண்டியவை. அங்குள்ள வலை, வாளி, காலணி ஆகியவற்றை வேறு அறைக்கு எடுத்துச் செல்லக்கூடாது. பணியாளர் ஆய்வுக்கூடத்தின் மற்ற விலங்குகளை முதலில் கவனித்துவிட்டு, இறுதியாகவே தனிமை அறைக்குள் நுழைய வேண்டும். இந்த வரிசை மாறினால், புதிதாக வந்த கிருமியை அவரே பழைய தொட்டிகளுக்குச் சுமந்து சென்றுவிடுவார்.

பயண நீரை வடிகாலில் ஊற்றுவது கடுந்தவறு. குளோரின் கலந்த கிருமிநாசினியாலோ கொதிக்க வைத்தோ அதனைப் பதப்படுத்திய பிறகே அகற்ற வேண்டும். கைட்ரிட் பூஞ்சைக்கு ஒரு பலவீனம் உண்டு. அது வெப்பத்தையும் வறட்சியையும் தாங்காது. 60 பாகை வெப்பத்தில் ஐந்து நிமிடங்களில் அது அழிந்துவிடும். முழுமையாக உலர்ந்த கருவியில் சில மணி நேரம்கூட அது நிலைப்பதில்லை. ஆகவே, வலையைக் கழுவிக் காயவைப்பது போன்ற சிறு பழக்கமும் பெரிய காப்பாக அமைகிறது. முட்டைகள் பொரிந்து தலைப்பிரட்டைகள் வளர்ந்த பிறகு அவற்றுள் சிலவற்றைச் சோதனைக்கு அனுப்புவர். நோய் இல்லை என்று உறுதியான பின்னரே அவை ஆய்வுக்கூடத்தின் மற்ற உயிர்களோடு சேர்க்கப்படும். எந்நிலையிலும், ஆய்வு முடிந்தது என்று கூறி அவற்றைக் குளத்திலோ ஓடையிலோ விடுதல் ஆகாது.

நோய் ஏற்கெனவே இருந்தால்?

2011ஆம் ஆண்டில் ஒரு முக்கியமான ஆய்வறிக்கை வெளிவந்தது. தீபகற்ப மலேசியாவின் தவளைகளில் கைட்ரிட் பூஞ்சை இருப்பதை அது முதன்முறையாகப் பதிவு செய்தது. நான்கு தவளைக் குடும்பங்களில் அத்தொற்று காணப்பட்டது. அமெரிக்க ஆய்வாளர்களுடன் பினாங்கின் மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அப்பணியில் ஈடுபட்டிருந்தனர். இங்கு ஓர் ஐயம் எழுவது இயல்பு. பூஞ்சை ஏற்கெனவே நாட்டுக்குள் இருக்கிறது என்றால் இறக்குமதிக்கு இத்தனை கட்டுப்பாடுகள் எதற்கு?

இதற்கு மூன்று விடைகள் உண்டு. முதலாவது, இப்பூஞ்சை ஒரே தன்மை கொண்டதன்று. அதில் பல மரபுக் கிளைகள் உள்ளன. சில கிளைகள் ஆசியத் தவளைகளோடு நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்தவை. உலகெங்கும் பேரழிவை உண்டாக்கிய கிளையோ வேறு. அயல்நாட்டுக் கிளை வந்து உள்ளூர்க் கிளையோடு கலந்தால் புதிய கலப்பினம் தோன்றவும் கூடும். இரண்டாவது, ஓரிடத்தில் நோய் இருப்பதால் எல்லா ஓடைகளிலும் அது இருப்பதாகப் பொருளில்லை. இன்னும் தீண்டப்படாத ஓடைகளைக் காப்பது அவசியம். மூன்றாவது, ரானாவைரஸ் போன்ற பிற கிருமிகளையும் இதே விதிகள் தடுக்கின்றன. வீட்டில் ஒரு கொசு நுழைந்துவிட்டது என்பதற்காக யாரும் எல்லாச் சன்னல்களையும் திறந்து வைப்பதில்லை.

தவளை குறைந்தால் மனிதருக்கு என்ன?

2023ஆம் ஆண்டின் உலக மதிப்பீட்டின்படி, நீர்நில வாழ்வனவற்றில் ஐந்தில் இரண்டு பங்கு அழியும் ஆபத்தில் உள்ளன. இது தவளைகளின் துன்பம் மட்டுமன்று. கோஸ்டாரிக்காவிலும் பனாமாவிலும் கைட்ரிட் பூஞ்சையால் தவளைகள் மறைந்த பகுதிகளில், அதன் பிறகு மலேரியா நோய் அதிகரித்ததை 2022ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு எடுத்துக்காட்டியது. கொசுக்களையும் அவற்றின் புழுக்களையும் உண்ணும் உயிர்கள் குறைந்ததே அதற்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். மழை பெய்த இரவில் வயலிலும் வடிகாலிலும் ஒலிக்கும் தவளைகளின் குரல், மக்களின் நலத்தோடும் தொடர்புடையது.

வெளியூர் உயிர் ஒன்றைக் கவனமின்றிக் கொண்டுவந்தால் அதன் விளைவைப் பின்னர் மாற்றுவது அரிது. 1935ஆம் ஆண்டில் கரும்பு வண்டுகளை ஒழிப்பதற்காக ஏறத்தாழ நூறு தேரைகளை ஹவாயிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டு சென்றனர். அவை வண்டுகளை ஒழிக்கவில்லை. மாறாக, பெருகிப் பல மாநிலங்களில் பரவின. இன்றுவரை அவற்றைக் கட்டுப்படுத்த முடியவில்லை. மலேசியாவிலும் தமிழகத்திலும் வீட்டுத் தோட்டங்களில் காணப்படும் சாதாரண ஆசியத் தேரையும் மடகாஸ்கர் தீவில் புகுந்து, அங்குள்ள அரிய உயிர்களுக்கு அச்சுறுத்தலாக உள்ளது. ஓர் ஊரில் தீங்கற்ற உயிர், மற்றோர் ஊரில் தீங்காக மாறக்கூடும்.

இக்கட்டுப்பாடுகளை ஆய்வாளர்களுக்கு இடப்பட்ட முட்டுக்கட்டை என்று எண்ணுதல் பொருந்தாது. தவளை முட்டைகள் இல்லாவிடில் பல மருத்துவ உண்மைகள் வெளிப்பட்டிருக்கா. அதேபோல், காவல் இல்லாவிடில் பல தவளைகள் இன்று நம்மிடையே இருக்கப்போவதில்லை. முன்கூட்டியே பெறும் அனுமதி, நேர்மையான நலச் சான்று, நுழைவாயிலில் முறையான சோதனை, ஆய்வுக்கூடத்தில் பொறுமையான தனிமை ஆகிய நான்கும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் தூண்கள். அவற்றுள் ஒன்று சரிந்தாலும் மற்ற மூன்றும் பயனற்றுப் போகும். வருமுன் காப்பதே அறிவுடைமை என்பதைத் தமிழ் மரபு நெடுங்காலமாகக் கூறி வருகிறது. பினாங்கு மலையின் ஓடையில் பாறையைப் பற்றிக்கொண்டிருக்கும் சின்னஞ்சிறு தலைப்பிரட்டைக்கு வேறு தாயகம் இல்லை. அதனைக் காக்கும் பொறுப்பு, அயல்நாட்டுப் பெட்டியைத் திறக்கும் ஆய்வாளரிடமும், வளர்த்த உயிரை ஓடையில் விடாத ஒவ்வொரு குடிமகனிடமும் இருக்கிறது.